அடியில் இருக்கும் சின்ன வரி

ஒரு தேர்தல் நோட்டீஸ் கைக்கு வந்தால் என் கண் முதலில் போவது அடிப்பக்கத்துக்கு. முகம், சின்னம், வாக்குறுதி எல்லாம் பிறகு. அடியில் ஓரத்தோடு ஒட்டினாற்போல, ஆறு பொயிண்ட் என்கிற பொடி எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: யார் வெளியிட்டது, எந்த அச்சகம், எந்த ஊர். மட்டக்களப்பு டவுனில் ஒரு சின்னப் பிரஸ்ஸில் நான் டிசைனர். கல்யாண கார்ட், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், இறந்தவர் நினைவாக அடிக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, டியூஷன் நோட்டீஸ் என்று ஓடுகிற பிரஸ். தேர்தல் அறிவித்துவிட்டால் மெசின் இரவிலும் நிற்காது. பல வருடமாக இதற்குள்ளேயே கிடப்பதால் அந்த வரியைத் தேடுவது கைப்பழக்கமாகிவிட்டது.

அதே பழக்கத்தோடுதான் உக்ரைன் ஜனாதிபதித் தேர்தல் காகிதங்களையும் பார்த்தேன்.

என் மச்சாள், மாமாவின் மகள், கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவள். 2022 பெப்ரவரியில் யுத்தம் தொடங்குவதற்கு முதல் வருடமே படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். அவளுடைய பெட்டியில் தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. "இது உனக்குத்தான் கா. நீ பிரஸ்ஸில இருக்காய் எண்டு எடுத்து வச்சன்" என்று தந்தாள். உள்ளே நோட்டீஸ்கள், நாலு பக்கப் பிரசாரப் பத்திரிகைகள், ஸ்டிக்கர்கள், சட்டைப்பையில் வைக்கிற சின்னக் கலண்டர்கள். பாதி 2019 தேர்தலுக்குரியவை. அங்கே தேர்தல் காலத்தில் மெட்ரோ நிலைய வாசல்களில் கட்சி நிறத்தில் கூடாரம் போட்டுவிடுவார்களாம். குளிருக்கு மூடிக்கொண்டு நிற்கும் வயதான பெண்கள், போவோர் வருவோர் கையில் எல்லாம் ஒரு தாளைத் திணிப்பார்களாம். இவள் வாக்கில்லாத வெளிநாட்டுப் பிள்ளை என்று பார்த்தாலே தெரியும், ஆனாலும் கொடுப்பார்கள்.

மற்றப் பாதி பழையது, 2004 தேர்தலுக்குரியது. அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அலுமாரி லாச்சிக்குள் கிடந்ததாம். அந்த அம்மா நீலக் கட்சிக்கு வாக்களித்தவர், மகன் செம்மஞ்சள் கட்சி. இரண்டு பேருடைய காகிதமும் ஒரே லாச்சிக்குள் இருந்திருக்கிறது.

சிரிலிக் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் இலக்கம் எல்லா மொழியிலும் இலக்கம்தானே. பழைய நோட்டீஸ் ஒன்றில் பெரிதாக 26 என்றும் 2004 என்றும் இருந்தது. இடையில் என்ன என்று கேட்டேன். டிசம்பர் என்றாள். மறுகா அவளே போனைத் திறந்து, 2019இல் தெருவில் நின்று தான் எடுத்த ஒரு படத்தைக் காட்டினாள். பெரிய விளம்பரப் பலகை, எதிரெதிரே இரண்டு முகங்கள், ஒரு தேதி. ஏப்ரல் 21.

மட்டக்களப்பில் இருக்கிற எவருக்கும் இந்த இரண்டு நாட்களையும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்த நாள். 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு. அந்த இரண்டு நாளிலும் உக்ரைன் மக்கள் வரிசையில் நின்று ஜனாதிபதியைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.

இதில் மர்மம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேர்தல் வைக்கிற நாடு அது. ஆனாலும் அந்த நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். 2004இல் நான் பள்ளிப்பிள்ளை. கல்லடியில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. நாவலடியில் இருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள் சிலர் அதன் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. காலை ஒன்பது மணியளவில் இங்கே எல்லாம் முடிந்தபோது கீவ் நகரத்தில் விடிந்திருக்காது. அங்கே வாக்குச்சாவடி திறந்தபோது இங்கே மத்தியானம். நாங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த நோட்டீஸை அச்சடித்தவர்கள் அந்த நாளுக்காக வாரக்கணக்கில் நித்திரை முழித்து வேலை செய்திருப்பார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் அது ஒரு பெரிய நாள். எங்களுடைய வாழ்க்கையில் வேறு விதமாகப் பெரிய நாள்.

2019 கதையை மச்சாள் சொன்னதுதான். அந்தப் பலகையை அவள் ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தாளாம். அப்போதைய ஜனாதிபதி பெத்ரோ பொரொஷென்கோவும் ரஷ்ய ஜனாதிபதி புட்டினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, "ஏப்ரல் 21, தீர்மானிக்கும் தெரிவு" என்று எழுதியிருந்தது. போட்டியிட்டதோ பொரொஷென்கோவும் வொலோதிமிர் ஸெலென்ஸ்கியும். எதிரில் நிற்கும் உண்மையான வேட்பாளரை விட்டுவிட்டு வேறொரு நாட்டுத் தலைவரின் முகத்தைப் போட்டதற்கு அங்கேயே பெரிய கண்டனம் எழுந்தது. ஏப்ரல் 21 காலை அவள் கண் விழித்தபோது இங்கே குண்டு வெடித்து முடிந்திருந்தது. வட்ஸ்அப் வேலை செய்யவில்லை. அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியிருந்தது. மாமா இரத்தம் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்றார், அது அவளுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வாக்களிக்க நடந்து போனார்களாம். "எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்துப் போறாங்கள், நான் போனைத் தட்டித் தட்டி அழுறன்" என்றாள். தேர்தல் முடிந்த பிறகும் அந்தத் தேதியோடு பலகை அங்கேயே நின்றது. அவள் பாதையை மாற்றிக்கொண்டாள்.

இப்படித்தான் அந்தத் தேர்தல்களைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். தேதி என்னை உள்ளே இழுத்தது. உள்ளே போன பிறகு பிடித்துவைத்தது தொழில்.

2004 தேர்தல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சுற்று ஒக்டோபர் 31. எதிரணியின் விக்டர் யுஷ்செங்கோவுக்கும் அப்போதைய பிரதமர் விக்டர் யானுகோவிச்சுக்கும் இடையில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, இருவருமே 39க்கும் 40க்கும் நடுவில். நவம்பர் 21 இரண்டாம் சுற்று. யானுகோவிச் 49.46, யுஷ்செங்கோ 46.61 என்று அறிவித்தார்கள். ஊர் மாறி வாக்களிப்பதற்குக் கொடுக்கும் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆட்களை ஏற்றி, சாவடி சாவடியாக இறக்கி வாக்களிக்க வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மக்கள் கீவ் நகரத்தின் சுதந்திரச் சதுக்கத்தில் பனிக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. மறுபடி நடந்த வாக்களிப்புதான் டிசம்பர் 26. யுஷ்செங்கோ 51.99, யானுகோவிச் 44.20.

யுஷ்செங்கோவின் நோட்டீஸ் முழுக்கச் செம்மஞ்சள். ஒரு குதிரை லாடம், ஒரு சொல்: "தாக்!", அதாவது ஆம். அவ்வளவுதான். எங்கள் நோட்டீஸ்களில் வேட்பாளரின் முகம், தலைவரின் முகம், தலைவருடைய தகப்பனின் முகம், சின்னம், இலக்கம், பத்து வாக்குறுதி என்று ஒரு அங்குல வெள்ளை இடம்கூட மிஞ்சாது. இதைப் பார்த்தபோது மூச்சு விட இடம் கிடைத்தது போல் இருந்தது. அந்த நாட்டுக் கொடி நீலமும் மஞ்சளும். யானுகோவிச் தரப்பு நீலமும் வெள்ளையும். செம்மஞ்சளை யாரும் எடுத்திருக்கவில்லை. ஒரு ரிப்பன் துண்டைக் கையில் கட்டினாலே எந்தப் பக்கம் என்று தெருவின் அந்தக் கரையில் இருந்து தெரியும். தாள் வாங்கக் காசில்லாதவரும் துணி கிழித்துப் பிரசாரம் செய்யலாம்.

அந்த நிறத்தை அச்சில் கொண்டுவருவது சும்மா இல்லை. மஞ்சள் மையை முழுதாகக் கொடுத்து மெஜெந்தா என்ற இளஞ்சிவப்பு மையைப் பாதியளவு வைக்க வேண்டும். மெஜெந்தா கொஞ்சம் கூடினால் சிவப்புக் கட்சியாகிவிடும், குறைந்தால் மாம்பழ ஜூஸ் விளம்பரம். மச்சாளின் ஃபைலில் இருந்த செம்மஞ்சள் நோட்டீஸ்கள் ஒன்று போல ஒன்று இல்லை. இரண்டு மூன்று வெவ்வேறு பிரஸ்ஸில், அவசரத்தில் அடித்திருக்கிறார்கள். ஒன்றில் அச்சுப் பிளேட் அரை மில்லிமீற்றர் விலகி, லாடத்தைச் சுற்றி மஞ்சள் விளிம்பு தெரிந்தது. எங்கள் மெசின் அண்ணாவிடம் காட்டினேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "பாவம், நித்திரை இல்லாம அடிச்சிருக்கான்" என்றார். நாட்டின் பெயர்கூடக் கேட்கவில்லை.

சரி, அடியில் உள்ள வரிக்கு வருகிறேன்.

எல்லா நோட்டீஸிலும் அடியில் ஒரு பொடி வரி இருந்தது. மச்சாளை வாசிக்கச் சொன்னேன். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியீட்டுக்குப் பொறுப்பானவரின் பெயர், அத்தோடு எத்தனை பிரதி என்ற எண். எண்ணா என்று கேட்டேன். ஆம், பிரதி எண்ணிக்கை. உக்ரைன் ஜனாதிபதித் தேர்தல் சட்டத்திலேயே அது இருக்கிறது: பிரசார அச்சுப்பொருள் ஒவ்வொன்றிலும் அச்சிட்ட நிறுவனம், பிரதிகளின் தொகை, பொறுப்பானவர்கள் யார் என்ற விபரம் இருக்க வேண்டும். இலங்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்று சட்டம் உண்டு. எண்ணிக்கை போடும் வழக்கம்தான் இங்கே இல்லை.

ஒரு எண் பெரிய விடயமா என்று கேட்கலாம். எனக்குப் பெரிய விடயம்தான். இத்தனை பிரதி, இந்த அளவுத் தாள், நாலு கலர் என்று தெரிந்தால் எங்களைப் போல பிரஸ்ஸில் இருக்கிற எவரும் ஐந்து நிமிடத்தில் செலவைச் சொல்லிவிடுவோம். வேட்பாளர் காட்டும் கணக்கோடு அதை வைத்துப் பார்க்கலாம். எங்கள் நாட்டில் தேர்தல் செலவுக்கு எல்லை போட்ட சட்டம் 2023இல்தான் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று தேர்தல்கள் ஆணைக்குழு நிர்ணயித்தது. நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாவுக்கு மேல் செலவழிக்கலாம். அந்தத் தடவைதான் ஓடர் தந்தவர்கள் தாங்களாகவே ஒழுங்கான பில் கேட்டதைக் கண்டேன். முந்தைய தேர்தல்களில் துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதிக் கொடுத்தாலே போதும், அதையும் வாங்கிக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். பில் முதலாளியின் லாச்சிக்குள் இருக்கிறது, நோட்டீஸ் மக்கள் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க ஒரு எண் போதும்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது அந்த ஃபைலில் இல்லாத ஒரு தாள். 2004 தேர்தலில் ஒரு வரைபடம் சுற்றியது. உக்ரைனை மூன்றாகப் பிரித்து, மேற்குக்கு முதலாம் தரம், நடுப்பகுதிக்கு இரண்டாம் தரம், கிழக்குக்கு மூன்றாம் தரம் என்று எண் போட்டிருந்தார்கள். மேலே யுஷ்செங்கோவின் அதே "தாக்!" என்ற சொல்; இப்படித்தான் இருக்கிறது அவர்களுடைய உக்ரைன் என்ற வாசகம். எதிரியின் சொல்லையே எடுத்து, கிழக்கில் உள்ளவர்களை அவர் மூன்றாம் தரமாகப் பார்க்கிறார் என்று நம்ப வைப்பதுதான் நோக்கம். அது வெறும் பிரசாரத்துக்காகத் தயாரித்த தாள். வீட்டுக்கார அம்மாவிடம் மச்சாள் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். பதினைந்து வருடம் கழித்தும் அவர், "அந்த மனுசன் எங்களை மூன்றாம் தரம் என்று சொன்னவன்தானே" என்றாராம். மகன் அது பொய் என்று எத்தனையோ முறை சொல்லியும் எடுபடவில்லை.

கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு இதை வாசித்தால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். தமிழ் ஊரான ஆரையம்பதியையும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியையும் பிரிப்பது பல இடங்களில் ஒரு ஒழுங்கைதான். வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் அதே கதை. இங்கே யாராவது ஊரைத் தரம் பிரித்து ஒரு வரைபடம் அடித்துச் சந்தையில் போட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 1990இன் தமிழ்-முஸ்லிம் படுகொலைகளைக் கண்ட ஊர்கள் இவை.

ஒரு தேர்தல் காலம். எந்தத் தேர்தல், யார் என்பதெல்லாம் வேண்டாம். இருட்டின பிறகு ஒருவர் பென்டிரைவோடு வந்தார். ஏ4 பாதி அளவு, ஒரு கலர், விடியுமுன் வேண்டும். விலையை அவரே சொன்னார், வழக்கமான விலையின் மூன்று மடங்கு. ஃபைலைத் திறந்தேன். ஒரு ஊர்க்காரர் மற்ற ஊர்க்காரருக்கு எழுதுவது போல எழுதியிருந்தது. உங்கள் காணியை எடுப்போம், உங்கள் பெண்களை என்று தொடங்கி, அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். வாசித்ததும் தெரிந்தது, எழுதியது அந்த ஊர்க்காரர் இல்லை. சொற்கள் பொருந்தவில்லை. அந்த ஊரில் அப்படிக் கதைக்க மாட்டார்கள். அடியில் வரி இல்லை. "அடியில எங்கட பேர் வரும்" என்றேன். "அது ஏலாது, அதுக்குத்தானே இந்தக் காசு" என்றார். முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனில் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு பென்டிரைவைக் கழற்றி வந்தவர் கையிலேயே வைத்து, "தம்பி, எங்கட பேர் போட ஏலாத ஒண்டும் இந்த மெசினில ஏறாது" என்றார். சத்தம் போடவில்லை. வந்தவர் போனார். மெசின் அண்ணா கேற்றைப் பூட்டிவிட்டு வந்தார்.

இரண்டு நாளில் அது வெளியே வந்துவிட்டது. வேறெங்கோ போட்டோகொப்பி அடித்திருக்கிறார்கள். மரக்கறிச் சந்தையில் வழக்கமாக ஒன்றாக நின்று தேத்தண்ணி குடிக்கிற ஆட்கள் சில நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பள்ளிவாசல் தலைவரும் கோயில் தலைவரும் சேர்ந்து வந்து, கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இது எங்கள் ஆட்கள் அடித்ததில்லை என்று கடை கடையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது ஒரு கடைக்கார ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்சவன்ட பேர் இல்லையே" என்றார். அந்த ஐயாவை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

போலி என்பது எப்போதும் கிழிசல் போட்டோகொப்பியாக இருக்க வேண்டியதில்லை. 2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல் அன்று காலை, யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை போலவே ஒரு போலிப் பத்திரிகை விநியோகமானது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கத் தரப்புக்கு மாறிவிட்டார் என்பது செய்தி. மக்கள் நம்பவில்லை, அவர் விருப்பு வாக்கில் இரண்டாம் இடத்தில் வென்றார். எனக்கு அதில் ஆறாமல் இருப்பது வேறு. பத்திரிகைத் தலைப்பின் எழுத்து, பத்தி அகலம், இடைக்கோடு எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவருவதற்குப் பயிற்சி வேண்டும். அதை உட்கார்ந்து செய்தவர் என் தொழில் செய்கிறவர்.

அதே 2004இல் உக்ரைனில் இன்னொன்றும் நடந்தது. இது நோட்டீஸ் இல்லை, தொலைக்காட்சி. ஆனால் அடி மூலையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நவம்பர் 25ஆம் தேதி அரச தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், அறிவித்த முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் சைகை மொழியில் பெயர்க்கும் நத்தாலியா திமித்ருக், வாசிப்பதைப் பெயர்க்காமல், இந்த முடிவுகள் பொய், நம்பாதீர்கள் என்று கைகளால் சொன்னார். அவருடைய பெற்றோர் காது கேளாதவர்கள். அந்த மொழி அவருக்கு வீட்டு மொழி. நாடு முழுக்கப் பார்த்த திரையில் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் அன்று வேறு செய்தி சொன்னது.

வாக்குச்சீட்டு பற்றியும் கொஞ்சம். 2019இல் அங்கே 39 பேர் போட்டி, சீட்டு 80 சென்ரிமீற்றர் நீளம். அதே வருடம் நவம்பரில் எங்களுக்கு 35 பேர், 26 அங்குலம். 2024இல் எங்களுக்கும் 39 வேட்புமனுக்கள். ஒருவர் இடையில் காலமாகிவிட்டார். இங்கே கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000, சுயேச்சைக்கு 75,000 ரூபா. அங்கே 25 இலட்சம் ஹிரிவ்னியா, அன்றைய மதிப்பில் எங்கள் காசில் ஒன்றரைக் கோடிக்கு மேல். அவ்வளவு கட்டியும் ஏன் இத்தனை பேர்? காரணம் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே ஒவ்வொரு வேட்பாளரும் வாக்குச்சாவடிக் குழுவுக்கு ஆட்களை நியமிக்கலாம். இங்கே வாக்கெண்ணும் இடத்துக்கு முகவர் அனுப்பலாம், அரச வானொலி தொலைக்காட்சியில் நேரமும் கிடைக்கும். பெரிய வேட்பாளருக்காகச் சின்ன வேட்பாளர் நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

2019 சீட்டில் யூலியா வொலோதிமிரிவ்னா திமொஷென்கோவுக்கு அடுத்த வரியில் யூரி வொலோதிமிரொவிச் திமொஷென்கோ என்று ஒருவர். குடும்பப் பெயர் ஒன்று, முதலெழுத்துக்களும் ஒன்று. முன்னாள் பிரதமரான யூலியாவுக்குப் போக வேண்டிய வாக்கைப் பிரிக்கத்தான் அவர் நிறுத்தப்பட்டார் என்று யூலியா தரப்பு குற்றம் சாட்டியது. அவருக்கு 0.62 சதவீதம் விழுந்தது. அங்கே வாக்குச்சீட்டில் சின்னம் கிடையாது, பெயரும் விபரமும்தான். இதை அறிந்த பிறகு எங்கள் சின்னங்களின் மேல் எனக்கு மதிப்புக் கூடிவிட்டது. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக எங்கள் மாவட்டத்து அரியநேத்திரன் நின்றபோது சங்குச் சின்னம் அச்சடித்த நோட்டீஸ் எத்தனையோ கண்டேன். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சியும் சங்கைத் தேடிப் புள்ளடி போடுவார். பக்கத்து வரியில் அதே பெயரில் ஒருவர் நின்றாலும் சங்கு ஒன்றுதான்.

2010 தேர்தலில் இன்னொருவர் தன் குடும்பப் பெயரையே சட்டப்படி மாற்றிக்கொண்டு வந்தார். புதுப் பெயரின் பொருள் "எல்லோருக்கும் எதிராக". அப்போது அங்கே வாக்குச்சீட்டின் கடைசியில், எல்லா வேட்பாளரையும் நிராகரிக்கிறேன் என்று குறிக்க ஒரு கட்டமே இருந்தது. அவருக்கு 0.16 சதவீதம்.

ஃபைலில் மிகக் குறைவாக இருந்தது, 2019இல் வென்றவருடைய காகிதம்தான். ஸெலென்ஸ்கிக்கு ஒரேயொரு ஸ்டிக்கர். பொரொஷென்கோவுக்குக் கட்டுக் கட்டாக, "இராணுவம், மொழி, நம்பிக்கை" என்று. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஜனாதிபதியாக நடித்துப் பிரபலமான ஸெலென்ஸ்கி, புது வருடத்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது தொலைக்காட்சியில் தோன்றித் தான் போட்டியிடுவதாக அறிவித்தார். பிறகு பிரசாரத்தின் பெரும்பகுதி இன்ஸ்டகிராம், யூடியூப், டெலிகிராம். தெருப் பலகைகளும் இருந்தன, ஆனால் வழக்கமான பொதுக்கூட்டங்கள் மிகக் குறைவு. முடிவு 73.22க்கு 24.45. கட்டுக் கட்டாக அடித்தவர் தோற்றார். என் தொழில் என்ற வகையில் எனக்கு அது கவலையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை, போனுக்குள் வருகிற நோட்டீஸுக்கு அடி இல்லை என்பது. 2024 செப்டெம்பரில் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வந்த படங்களில் எத்தனையில் வெளியிட்டவர் பெயர் இருந்தது? நான் பார்த்தவற்றில் மிகச் சிலவற்றில்தான். போட்டோகொப்பித் தாளையாவது அந்தக் கடைக்கார ஐயா போலத் திருப்பிப் பார்க்கலாம். ஃபோர்வேர்டாக வந்ததைத் திருப்ப முடியாது.

அதனால் இப்போது எங்கள் பிரஸ்ஸில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தொடங்கியது. நோட்டீஸ் என்றால் அச்சகம், வெளியிட்டவர், அத்தோடு "பிரதிகள்" என்று எண்ணும் போடுகிறோம். போனுக்கென்று படமாகக் கேட்டாலும் வெளியிட்டவர் பெயரும் தேதியும் அடியில் வரும். சட்டம் எண்ணைக் கேட்கவில்லைதான். முதலாளியிடம் மச்சாளின் நோட்டீஸைக் காட்டி, "அவங்க போடுறாங்க ஐயா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போடு புள்ள, நட்டம் ஒண்டும் இல்லையே" என்றார். சில வேட்பாளர்கள் எண்ணை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் வேறு பிரஸ்ஸுக்குப் போனார்கள். ஒரு பெண் வேட்பாளர் மட்டும் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். எட்டு பொயிண்டாக்கிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய தேர்தல் நோட்டீஸ்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1982 முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் இருந்து எதுவானாலும், எந்தக் கட்சியானாலும், மட்டக்களப்பு, அம்பாறை என்ற இரண்டு மாவட்டமும். கடலும் யுத்தமும் வெள்ளமும் கொண்டுபோனது போக, யாரோ ஒருவரின் அலுமாரித் தட்டில் லாச்சிக்கு விரித்த தாளாக, கொப்பி உறையாக, கலண்டராக இன்னும் கிடக்கும். தர வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். எடுக்கும்போது தாளின் இரண்டு பக்கமும், அடிப்பக்கம் வெட்டுப்படாமல் எடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் வெயில் சரிந்த நேரம் ஜன்னலோரம் வைத்து எடுத்தால் தெளிவாக வரும், பிளாஷ் போட வேண்டாம்.